நஞ்சில்லாக் கத்தரிக்காய் நாலே நாலு

மாடித்தோட்டம் தொடங்க உகந்த மாதம் சித்திரை. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். அலுவலகத்தில் சம்பள உயர்வு வந்திருக்கும், அல்லது வரும் என்ற நம்பிக்கையாவது இருக்கும். வடாம் பிழிய மொட்டைமாடிக்குப் போன வீட்டார் கீழே வந்து, "மேல அவ்வளவு இடம் சும்மாக் கெடக்கு" என்று சொல்லியிருப்பார்கள். காலையில் பிழிந்த வடாம் மத்தியானத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிடுகிற தரையில் தக்காளி வளர்க்கலாம் என்ற எண்ணம் சென்னைவாசிக்கு உதிப்பது வருஷத்தில் இந்த ஒரு மாதத்தில்தான். அதை வீணாக்கக் கூடாது.

முறைப்படி ஊருக்கு ஒரு போன் போடுங்கள்.

"பெரியப்பா, மாடியில இயற்கைத் தோட்டம் போடப்போறேன்."

"நல்லதுப்பா. ஆடி பொறக்கட்டும், வெதை நானே குடுத்தனுப்புறேன்."

"ஆடி வரைக்கும் முடியாது பெரியப்பா. இந்த சனி ஞாயிறுலயே ஆரம்பிச்சிடலாம்னு."

"இப்பவா? கத்திரி வருதேப்பா."

"ஆமா, கத்திரியும்தான் போடப்போறேன்."

பெரியப்பா அதற்குமேல் பேசமாட்டார். ஆயுசு முழுக்கப் பயிர் வைத்தவர், பாவம், அவருக்கு நம் அவசரம் புரியாது. ஆடிப்பட்டம், புரட்டாசிப்பட்டம், தைப்பட்டம் என்றெல்லாம் அவர் சொல்வது வயலுக்கு. நமக்கு இருக்கும் பட்டம் இரண்டே இரண்டு: சனி, ஞாயிறு.

கடைக்குப் போதல்

தோட்டத்துக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து, முகப்புப் படமாக நம்மாழ்வாரை வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்த அரசு வேலையை உதறிவிட்டு வந்து, 2013 டிசம்பரில் இறக்கும்வரை, விவசாயி கடையில் இடுபொருள் வாங்கிக் கடனாளியாக வேண்டியதில்லை என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் அவர். படத்தை மாற்றிய கையோடு ஆர்டர் போட ஆரம்பிக்கலாம்.

இயற்கைத் தோட்டத்துக்கு முதல் தேவை பிளாஸ்டிக். குரோ பேக் என்ற பெயரில் பச்சையும் வெள்ளையுமாகக் கிடைக்கும். எத்தனை செடி வைக்கப்போகிறோம் என்று யோசிக்காமல் எத்தனை பை வாங்கினால் டெலிவரி இலவசம் என்று பார்த்து வாங்குவது நல்லது. பிறகு கையுறை, வைக்கோல் தொப்பி, மண்ணின் கார அமிலத் தன்மை பார்க்கும் மீட்டர், மூன்று அளவில் மண்கரண்டி, பூவாளி. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் பை, விதை, உரம் எல்லாம் சேர்த்து ஒரு மாடித்தோட்டக் கிட் கொடுப்பதுண்டு. அது போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. செங்கல்போல் அழுத்திய 5 கிலோ கட்டியாக வரும். தண்ணீர் ஊற்றினால் உப்பி ஒரு பெரிய டப் நிறையும். அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மண்ணோடு கலக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். அலசினால் தண்ணீர் வீணாகும் அல்லவா? அப்படியே கொட்டுங்கள். செம்மண், நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் மூன்றும் சரிபங்கு என்பது பழைய கணக்கு. நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர அதில் செடிக்குச் சாப்பாடு என்று ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. ஆனால் பையைத் தூக்க லேசாக இருக்கும், பார்க்கவும் பொன்னிறமாக இருக்கும். ஆகவே முக்கால் பை அதையே போடுங்கள்.

நீங்கள் நார்க்கழிவைக் கட்டி கட்டியாக வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், கீழே தெருமுனையில் வேப்பிலையும் பூவரச இலையும் பெருக்கிக் குவித்து யாரோ தீ வைத்துக்கொண்டிருப்பார்கள். சமையலறைக் கழிவோடு பாதிக்குப் பாதி அந்தக் காய்ந்த இலையைப் போட்டு மூடினால் நாற்றமில்லாமல் மட்கும். அதெல்லாம் குப்பை. புகை வராமல் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். நம் வழி, காய்கறித் தோலை மட்டும் டிரம்மில் போட்டு இறுக மூடி, மூன்றாம் வாரம் திறந்து, உள்ளே நெளியும் புழுவைக் கண்டு அலறி, மொத்தத்தையும் மாநகராட்சி வண்டியில் கொட்டிவிடுவது. அது பெரும்பாலும் படைவீரர் ஈயின் புழுவாக இருக்கும், கழிவைத் தின்று உரமாக்க வந்தது. வந்த வேலையைச் செய்யவிடக் கூடாது.

மண் போட்டால் மாடி தாங்குமா என்ற கேள்வி வரும். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்று வைத்துத்தான் இந்தியத் தரநிலை கணக்குப் போடச் சொல்கிறது. ஒரு அடி உயரத்துக்கு ஈரமண் பரப்பினால் அதே சதுர மீட்டரில் ஏறக்குறைய அரை டன் உட்காரும். இந்த விவரத்தை அடுக்ககச் சங்கச் செயலாளரிடம் சொல்ல வேண்டாம். அவராகவே ஒருநாள் மாடிப்படி ஏறி வருவார்.

"சார், என் பெட்ரூம் சீலிங்ல ஓதம் அடிக்குது."

"ஆர்கானிக் தண்ணிதான் சார், ஒண்ணும் ஆகாது."

விதைத்தல், வெயில்

வாங்கிய எல்லா விதையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை போட்டு முடித்துவிடுங்கள். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும் என்பார்கள், கீரை விதையை மணலோடு கலந்து தூவி லேசாக மூடினால் போதும் என்பார்கள். நாம் விரல் முழுக்க உள்ளே போகக் குழி பறிப்போம். தப்பித் தவறி மேலாகக் கிடக்கும் கீரை விதையை எறும்பு வரிசைபோட்டுத் தூக்கிப் போகும். ஊரில் பையைச் சுற்றி அரிசி மாவைத் தூவி எறும்பின் கவனத்தைத் திருப்புவார்கள். நாம் எறும்பு மருந்து அடிப்போம். அது இயற்கைத் தோட்டத்தில் சேராது, தரையில்தானே அடிக்கிறோம்.

எப்படியோ தக்காளி முளைத்துவிடும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது மஞ்சளாகப் பூவும் வைத்துவிடும். இந்த இடத்தில் புகைப்படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் அடுத்த நாள் பூ இருக்காது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் குளிராமல் புழுங்கினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். பிஞ்சு பிடிக்காத பூவைச் செடி உதிர்த்துவிடும். பச்சை நிழல்வலை கட்டினால் கொஞ்சம் தாங்கும். கட்டியவர்கள் வீட்டிலும் பெரிய அறுவடை ஒன்றையும் நான் கேள்விப்பட்டதில்லை. செடிக்குத் தெரிந்த மாதக்கணக்கு அப்படி.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அந்த மாதத்தில் நாற்று வாங்காத அடுக்ககம் இல்லை. நாற்று நட்டுப் பழம் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். செப்டம்பரில் அவர்கள் மாடியில் முதல் தக்காளி சிவந்தபோது கோயம்பேட்டில் விலை சரிந்து கிடந்தது. விலை ஏறிய பிறகு விதைப்பது என்ற நம் முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் பைக்கு இரண்டு வேளை தண்ணீர் வேண்டும். 2019-இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதிரி ஒரு கோடையில் லாரித் தண்ணீர் வாங்கிச் சுரைக்காய்க்கு ஊற்றியவர்கள் அந்தச் சுரைக்காயை வெட்டாமல் பூஜை அறையில் வைத்திருந்தால் தப்பில்லை.

ஆனி: கரைசல் காலம்

செடி எல்லாம் வாடிப்போன பிறகு தோட்டக்காரருக்கு ஏற்படுவது ஓய்வு இல்லை, கரைசல் மோகம். சொல்லப்போனால் இயற்கைத் தோட்டத்தின் ருசியே இதில்தான் இருக்கிறது.

பஞ்சகவ்யத்தில் தொடங்குங்கள். பசுவின் சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஐந்தோடு இளநீர், வாழைப்பழம், கரும்புச்சாறு சேர்த்து, நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவந்தால் மூன்று வாரத்தில் பக்குவமாகும். பயிருக்கென்று இதைச் செம்மைப்படுத்திப் பரப்பியவர் கொடுமுடி டாக்டர் நடராஜன். வீட்டில் மாடும் கன்றும் நிற்கிற விவசாயிக்கு இது பெரும்பாலும் கைக்காசு இறங்காத உரம். உங்களுக்கோ பால் பாக்கெட், நெய் பாட்டில், இளநீர் எல்லாம் கடை விலை. சாணத்துக்குத் தெருவில் சுவரொட்டி தின்று வளரும் பசுவின் பின்னால் முறத்தோடு நடக்க வேண்டியிருக்கும். அரைக் கிலோ நெய்யைச் சாணத்தில் போட்டுப் பிசைவதை மாமியார் பார்க்காத நேரமாகச் செய்யுங்கள்.

அளவு முக்கியம். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்பது கணக்கு. 300 மில்லிக்கே இவ்வளவு பலன் என்றால் 3 லிட்டர் ஊற்றினால் என்ன ஆகும் என்று எந்த அறிவாளிக்கும் தோன்றும். ஊற்றிப் பாருங்கள். இலை ஓரம் கருகிச் சுருண்டால், உரம் வேலை செய்கிறது என்று குழுவில் ஒருவர் ஆறுதல் சொல்வார்.

மீன் அமிலம் இதைவிடச் சுலபம். மீன்கடையில் கேட்டால் கழிவைச் சும்மாவே தருவார்கள். அதே எடைக்கு வெல்லம் போட்டு, காற்றுப்புகாமல் மூடி, மூன்று வாரத்துக்கு மேல் விட்டுவிட வேண்டும். பக்குவமானால் பழவாசனை வரும் என்பார்கள். பக்குவமாகாவிட்டால் வரும் வாசனையை எதிர்வீட்டு மாமி விவரமாகச் சொல்வார். "என்ன சார், மாடியில எலி கிலி செத்துக் கெடக்கா?" என்று கேட்பார். செடி டானிக் மாமி என்று சொல்லிவிடலாம். தெருவில் உள்ள பூனைகள் அத்தனையும் உங்கள் மாடிக்கு வந்து டிரம்மைச் சுற்றி உட்கார்ந்திருப்பதற்குத்தான் விளக்கம் சொல்வது கஷ்டம்.

இந்த இரண்டும் முடிந்தால் ஜீவாமிர்தம், அமிர்தக் கரைசல், தேமோர்க் கரைசல், அரப்பு மோர்க் கரைசல், இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல் என்று வரிசையாக இருக்கின்றன. கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் கெட்டியாக அரைத்தால் தோசைக்கும் ஆகும். வேப்பெண்ணெயை மட்டும் மறந்துவிடாதீர்கள். லிட்டருக்கு 5 மில்லி எடுத்து, எண்ணெய் தண்ணீரோடு கலக்க ஒரு துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் பூச்சி போகும். சோப்பில்லாமல், உச்சிவெயிலில் அடித்தால் இலை போகும். இலை போனால் பூச்சி தானே போய்விடும் என்பதால் இரண்டும் ஒன்றுதான்.

ஆடி

உண்மையில் விதைக்க வேண்டிய மாதம் வந்துவிட்டது. மேற்கே காற்று திரும்பியிருக்கும், சாயங்காலம் இடியோடு ஒரு மழை பெய்யும், கொடிவகை எதைப் போட்டாலும் முளைக்கும். நீங்கள் அப்போது தி.நகரில் ஆடித் தள்ளுபடியில் நின்றுகொண்டிருப்பீர்கள். சித்திரையில் கொழுந்துவிட்ட உற்சாகம் ஆனிக் கரைசலோடு தீர்ந்திருக்கும். பைகளில் காய்ந்த குச்சி நிற்கும்.

விடாப்பிடியாக இருக்கும் சிலருக்காக மட்டும் இரண்டு குறிப்புகள்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணி எல்லாவற்றிலும் முதலில் வருவது ஆண்பூ. பெண்பூ சில நாள் கழித்துத்தான் வரும், அடியில் பிஞ்சு ஒட்டியிருக்கும். "பூக்குது, காய்க்க மாட்டேங்குது" என்று முதல் வாரத்திலேயே கொடியை அறுத்துவிடுபவர்களே நம் இயக்கத்தின் தூண்கள். பெண்பூ வரும்வரை பொறுத்தவர்களுக்கு அடுத்த சிக்கல், ஐந்தாம் மாடிக்குத் தேனீ சரியாக வராது. பூசணிப்பூ விடியற்காலையில் விரியும், அப்போதே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவிவிட வேண்டும். சுரைப்பூ சாயங்காலம் விரிவது. ஆக ஒரே வீட்டில் இரண்டையும் வளர்ப்பவர் இரண்டு வேளையும் மாடியில் நின்று ஜோடி சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். பத்து மணிக்குப் பல் தேய்த்துவிட்டு மேலே போனால் வாடிய பூதான் இருக்கும்.

இன்னொன்று அவரை. பெரியப்பா கொடுத்தனுப்பும் விதையில் இதுவும் கட்டாயம் இருக்கும். ஆடியில் போட்டால் புரட்டாசிக்குள் பந்தல் முழுக்க இலையாக மூடும், ஒரு பூ வராது. பஞ்சகவ்யம் ஊற்றுவீர்கள், வராது. மீன் அமிலம் ஊற்றுவீர்கள், இன்னும் பத்து முழம் இலை வரும். நாட்டுக் கொடி அவரை பகல் குறுகி ராத்திரி நீளும் காலத்தில்தான் பூ எடுக்கும். மழை முடிந்து, மார்கழி தையில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கரைசலால் சூரியனைச் சீக்கிரம் மறையவைக்க முடியாது. இது தெரியாமல் புரட்டாசிக் கடைசியில் கொடியை வேரோடு பிடுங்கி, விதை சரியில்லை என்று பெரியப்பாவிடம் சண்டை போடுவது மரபு.

மழை

சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். இதற்குத் தயாராவது எளிது. பையின் அடியில் துளை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். தட்டு வைத்திருந்தால் தட்டை எடுக்காதீர்கள். மாடி வடிகால் வாயில் பழுத்த இலையும் கரைந்த நார்க்கழிவும் போய் அடைத்துக்கொள்ளும், குனிந்து அள்ளாதீர்கள். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வேர் அழுகி, கத்தரிச்செடி பச்சையாகவே தலை தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று முடிவு செய்து இன்னும் ஒரு வாளி ஊற்றுங்கள்.

தட்டில் தேங்கிய தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதால் டெங்கு கொசு அதைத்தான் விரும்பும். மாநகராட்சியிலிருந்து டார்ச் விளக்கோடு வருபவர்களிடம் இது இயற்கைத் தோட்டம், கொசுவும் இயற்கைதான் என்று வாதாட வேண்டாம். அபராதம் இயற்கையானது இல்லை.

புயலுக்கு வழிகாட்டி கிடையாது. 2016-இல் வர்தா மீனம்பாக்கம் மரங்களையே சாய்த்துவிட்டுப் போனது. 2023-இல் மிக்ஜாம் வந்தபோது வேளச்சேரியில் படகு ஓடியது. மூங்கில் பந்தலை முன்கூட்டியே அவிழ்த்துப் படுக்கப்போட்டு, பைகளைக் கைப்பிடிச்சுவர் மேலிருந்து இறக்கி ஓரமாக நெருக்கி வைக்கச் சொல்வார்கள். இறக்காமல் விட்ட பை காற்றில் பறந்து கீழே நிற்கும் கார்மேல் விழும். அந்தக் கார் எப்போதும் செயலாளருடையதாகவே இருக்கும்.

மார்கழி, தை

பிறகு வருகிறது சோம்பேறிக்கும் விளையும் காலம். வெயில் இதமாகிவிடும், தண்ணீர் ஒருவேளை போதும். முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் வரும், வெந்தயக்கீரை மூன்று வாரத்தில் வரும், சித்திரையில் அழவைத்த தக்காளி தானாகக் காய்த்துத் தள்ளும். இப்போதுதான் காய்கறி சந்தையிலும் மலிவாகக் குவியும், நீங்களும் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பீர்கள். தண்ணீர் ஊற்றச் சொல்லி வாட்ச்மேன் அண்ணனிடம் சாவி கொடுத்திருப்பீர்கள். அவரும் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருப்பார்.

புரட்டாசியில் பிடுங்காமல் அவரையை விட்டுவைத்த அபூர்வமான ஆளாக நீங்கள் இருந்தால், பனி இறங்கியதும் பூங்கொத்தில் கருப்பாக அசுவினி அப்பும். சில நாளில் அதன் நடுவே கருப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, முதலைக்குட்டி போல ஒரு புழு ஊரும். பார்க்கவே பயமாக இருக்கும். அதைத் தேடித் தேடி நசுக்குங்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்பதற்கென்றே பிறந்தது. மாவுப்பூச்சிக் கூட்டத்திலும் இதே விளையாட்டு உண்டு. அதைத் தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழுவும் உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசியே திரியும், நம் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரி, மரவள்ளி, பப்பாளி என்று எதையும் விடாமல் அழித்தபோது எத்தனை மருந்து அடித்தும் போகவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி ஒன்றைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் அடங்கியது. நாட்டுக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. நம் மாடியில் மஞ்சள் ஒட்டுப்பொறி இருக்கிறது. அதில் வெள்ளை ஈயோடு பொறிவண்டும் ஒட்டியிருக்கும், போன வாரம் காணாமல் போன பல்லியும் ஒட்டியிருக்கும்.

மாசியில் அறுவடைக் கணக்கு. எப்பேர்ப்பட்ட தோட்டக்காரருக்கும் நாலு கத்தரிக்காய் தேறும். பறித்ததும் தராசில் வைக்காமல் வாழை இலையில் வைத்துப் படம் எடுங்கள். பக்கத்தில் ஏதாவது நாணயத்தை வைத்தால் அளவு தெரிந்துவிடும், வைக்க வேண்டாம். பை, கட்டி, மீட்டர், நெய், வெல்லம், லாரித் தண்ணீர், செயலாளர் வீட்டு வெள்ளையடிப்பு, கார்க் கண்ணாடி எல்லாவற்றையும் கூட்டி நாலால் வகுக்கச் சொல்லி வீட்டில் யாராவது பேச்செடுத்தால், நஞ்சில்லாத உணவுக்கு விலை பேசாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு நாலு போதாது. சாம்பாரில் போட்டால் யார் தட்டில் விழுந்தது என்று தகராறு வரும்.

பைகளைக் கவிழ்த்து அடுக்கும்போது, ஓரத்துப் பையில் நீங்கள் விதைக்காத செடி ஒன்று இடுப்புயரம் நிற்கும். கொண்டைக்குருவி எச்சத்தில் விதை போட்டுவிட்டுப் போயிருக்கும். கத்திரி வெயிலில் ஓரமாக முளைத்து, புயலில் படுத்து எழுந்து, ஒரு கரைசலும் குடிக்காமல் கருகருவென்று காய்த்திருக்கும். மணத்தக்காளி. வாய்ப்புண்ணுக்குக் கீரையாகவும் வத்தக்குழம்புக்கு வத்தலாகவும் நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். இந்த வழிகாட்டியை இதுவரை பின்பற்றி வந்தவர்கள் அதையும் களை என்று பிடுங்கி எறிந்துவிடவும். அந்தப் பையில் வரும் சித்திரைக்குக் காலிஃபிளவர் போட வேண்டியிருக்கிறது.